41 டிகிரி வெயிலில் 2 கெல்வினைத் தேடி

ஜூலை 16, புதன்

"ஜூலையில் போய் அரிசோனாவா?" என்று ஆபீசில் மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டார்கள். வேறு வழியில்லை. அப்பா ஆகஸ்ட் முதல் வாரம் ஊர் திரும்புகிறார். எனக்கு லீவு கிடைத்தது இந்த ஐந்து நாள்தான். அம்மா பேரனை விட்டு எங்கும் நகர்வதாக இல்லை. அதனால் நானும் அப்பாவும் மட்டும் டாலஸிலிருந்து டூசானுக்குக் கிளம்பினோம்.

டூசான் எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா ராஜபாளையத்தில் நாற்பது வருஷம் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அமெரிக்கா வந்த நாளிலிருந்து மால், பூங்கா, கோயில் எதிலும் அவருக்கு ஒட்டவில்லை. ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது ஃபிராங்க் லோ என்ற விஞ்ஞானியைப் பற்றிச் சொன்னேன். இதே டாலஸில், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தபோது, 1961-ல் அவர் ஜெர்மானியம் என்ற குறைக்கடத்தியில் ஒரு சின்னத் துண்டை வைத்து வானத்தின் வெப்பத்தை அளக்கும் கருவி செய்தார் என்றேன். அப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"ஜெர்மானியமா? அது சூடு தாங்காதே பாப்பா."

அவர் சொல்வது சரிதான். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவில் ஏசி 128 என்று ஒரு டிரான்சிஸ்டர் வரும். ஜெர்மானியம். வெயிலில் வைத்தால் அதற்குக் குணம் மாறிவிடும். மின்சாரம் கூடும், அதனால் இன்னும் சூடாகும், அதனால் இன்னும் மின்சாரம் கூடும், கடைசியில் போயே போய்விடும். அதற்கென்று அலுமினியத்தில் ஒரு கிளிப்பை மாட்டிவிடுவார்கள். கிளிப்பைக் கழற்றிவிட்டுப் பாட்டு கேட்ட ஆசாமிகள்தான் எங்கள் பள்ளிக்கூடச் செலவில் பாதியைக் கட்டியவர்கள்.

லோ பிடித்துக்கொண்டது அந்தக் குறையைத்தான். சூடு பட்டால் மாறுகிறது என்றால், மாற்றத்தை அளந்தால் சூடு தெரிந்துவிடுமே. கொஞ்சம் காலியம் கலந்த ஜெர்மானியத் துணுக்கு ஒன்றை வெற்றிடத்தில் தொங்கவிட்டு, திரவ ஹீலியத்தால் 2 கெல்வின் வரை குளிர வைத்தார். அதாவது பூஜ்யத்துக்குக் கீழே 271 டிகிரி. அந்தக் குளிரில், துளி வெப்பம் பட்டாலும் அதன் மின்தடை சட்டென்று இறங்கும். போலோமீட்டர் என்று பெயர். அகச்சிவப்புக் கதிரானாலும் சரி, மில்லிமீட்டர் ரேடியோ அலையானாலும் சரி, உள்ளே வந்து சூடாக்கினால் போதும், அதற்குப் பேதமில்லை. அகச்சிவப்புக்காரர்கள் ஒரு பக்கம், ரேடியோக்காரர்கள் ஒரு பக்கம் என்று இருந்த இடத்தில், நடுவில் யாரும் சரியாகத் தொடாத அலைநீளங்களுக்கு அது வழி திறந்தது. லோ பிறகு டூசானுக்கு வந்து, அங்கேயே வாழ்ந்து, 2009-ல் அங்கேயே காலமானார். "போய்ப் பாத்துட்டு வந்துருவோமே" என்றார் அப்பா. இத்தனை மாதத்தில் அவராக வாய் திறந்து கேட்ட ஒரே இடம்.

விமானம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. வாடகைக் கார்தான் காலை வாரியது. ஏசியில் காற்று வந்தது, குளிர் வரவில்லை. வெளியே 41 டிகிரி. வாடகைக்குக் கொடுத்தவர்களுக்கு போன் போட்டு ஐம்பது நிமிஷம் பாட்டு கேட்டதில், "நாளைக் காலை மாற்றித் தருகிறோம்" என்று பதில் வந்தது. ஸ்டியரிங்கைத் துண்டு சுற்றிப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். அப்பா, "நம்ம ஊர்ப் பங்குனி மாதிரிதான் இருக்கு, புழுக்கம் இல்ல பாரு" என்று சமாதானம் சொன்னார். ஐந்து நிமிஷம் கழித்து அவரும் சட்டையில் இரண்டு பட்டனைக் கழற்றினார்.

ராத்திரி ஓட்டலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மெக்சிகன் கடை. இங்கே கோதுமை டார்ட்டியா ரொம்பப் பெரியது, ருமாலி ரொட்டி மாதிரி அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லியது. உள்ளே அவரைக்குடும்பத்து ஏதோ ஒரு பயறு, மசித்தது. அப்பாவுக்கு உறைப்பு போதவில்லை. பரிமாறிய அம்மாள் உள்ளே போய் ஒரு சின்ன ஜாடியைக் கொண்டுவந்து வைத்தார். மிளகு சைஸில் உருண்டை உருண்டையாகச் சிவப்பு மிளகாய். சில்டெபின் என்று பெயர், இந்தப் பக்கத்து மலைகளில் காட்டுச்செடியாகவே வளருமாம். அப்பா அலட்சியமாக நாலைந்தை நசுக்கிப் போட்டார். ஒரு வாய்தான். பிறகு கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "காரந்தான்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சான்றிதழ் வந்து நான் கேட்டதில்லை. இரண்டு பேருக்கும் 23 டாலர், டிப்ஸ் தனி.

ஜூலை 17, வியாழன்

கார் மாற்றுவதிலேயே மதியம் ஆகிவிட்டது. அதைப் பற்றி எழுதினால் எனக்கு மறுபடி கோபம் வரும், விடுங்கள்.

பல்கலைக்கழக வளாகத்துக்குப் போனோம். கோடை விடுமுறை, ஆள் நடமாட்டமே இல்லை. வானியலாளர் ஜெரார்ட் கைப்பர் 1960-ல் ஆரம்பித்த நிலா, கோள் ஆய்வகம் இங்கேதான். கட்டடத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். லோ 1960-களின் நடுவில் வந்து சேர்ந்தது இங்கே. டாலஸுக்கும் டூசானுக்கும் இடையே, மேற்கு வர்ஜீனியாவில் கிரீன் பேங்க் என்ற ஊரில், தேசிய ரேடியோ வானியல் ஆய்வகத்தில் கொஞ்ச காலம் இருந்தார். கிரீன் பேங்க் பச்சைப் பசேல் என்ற ஈரமான பள்ளத்தாக்கு. சாதாரண ரேடியோ அலைக்கு அது போதும். போலோமீட்டருக்கு ஆகாது. காற்றில் இருக்கும் நீராவி, வரும் அலையை விழுங்கிவிடும். அது போதாதென்று தானும் வெப்பத்தை வீசிக்கொண்டு நிற்கும். அதனால் காய்ந்த ஊர், உயர்ந்த மலை வேண்டும் என்று பாலைவனத்துக்கு வந்தார்.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தெற்கே கன்னங்கரேலென்று மேகம் கட்டியிருந்தது.

"காய்ஞ்ச ஊருன்னே" என்றார் அப்பா.

இது நான் முன்னாலேயே பார்த்திருக்க வேண்டிய விஷயம். அரிசோனாவுக்கும் பருவமழை உண்டு, ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய. பாலைவனம் என்ற ஒரு சொல்லை நம்பி, வருஷத்திலேயே காற்றில் அதிக ஈரம் இருக்கும் மாதத்தில், நீராவிக்குப் பயந்து மலை ஏறியவர்களின் ஊரைப் பார்க்க அப்பாவை அழைத்து வந்திருக்கிறேன்.

மழை வருவதற்குள் ஒரு ஐஸ் கடைக்குள் நுழைந்தோம். சீவிய ஐஸில் மாம்பழக் கூழ், மேலே எலுமிச்சை, உப்பு, மிளகாய்த்தூள், புளிப்பாக ஒரு சாறு. எட்டு டாலர். அமெரிக்கக்காரர்கள் இதை ஏதோ சாகசம் மாதிரி சாப்பிடுகிறார்கள். அப்பா முதல் ஸ்பூனிலேயே, "பள்ளிக்கூட வாசல்ல பாட்டி விக்குமே" என்றார். அவ்வளவுதான் விமர்சனம். கிண்ணத்தைச் சாய்த்து அடிச்சாறு வரை குடித்தார்.

மழை இருபது நிமிஷம் கொட்டியது. நின்றதும் ஒரு வாசனை வந்தது. மண்வாசனை இல்லை, அதைவிடக் காட்டமாக, தார் கலந்த மூலிகை மாதிரி. கிரியோசோட் என்ற புதர் நனைந்தால் வரும் வாசனையாம். கடைக்கார இளைஞன் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து, கண்ணை மூடி மூச்சை இழுத்தான். வரிசையில் நின்றவர்களும் இழுத்தார்கள். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை.

ஜூலை 18, வெள்ளி

தொலைநோக்கிகள் நிற்கும் கிட் பீக் மலைக்குப் போகும் நாள். காலை ஆறு மணிக்கே அப்பா ஓட்டல் ஐஸ் மெஷினிலிருந்து தன் எவர்சில்வர் பிளாஸ்கை நிரப்பிக்கொண்டார். ராஜபாளையத்திலிருந்து பெட்டியில் துணி சுற்றிக் கொண்டுவந்த பிளாஸ்க் அது.

வழியில் சான் சேவியர் மாதா கோயில். பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடம், பாலைவனத்துக்கு நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. எதிர்த் திடலில் டோஹோனோ ஓ'ஓதம் பழங்குடிப் பெண்கள் நிழற்பந்தல் போட்டு ரொட்டி சுடுகிறார்கள். மாவைக் கையிலேயே தட்டித் தட்டி விரித்து எண்ணெயில் போடுகிறார்கள். உப்பி மேலே வருகிறது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பூரி, அவ்வளவுதான். தேன் தடவியது ஒன்று, பயறு வைத்தது ஒன்று, மொத்தம் 17 டாலர். அப்பா பந்தலுக்குப் பக்கத்தில் போய் நின்று அந்த அம்மாள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு உருண்டையை எடுத்து நீட்டி, தட்டிப் பார்க்கிறீர்களா என்று சைகை செய்தார். அப்பா தட்டியது இலங்கைப் படம் மாதிரி வந்தது. அதையும் சுட்டுக் காசு வாங்காமல் கொடுத்தார்கள்.

அவரிடம்தான் சகுவாரோ பழம் பற்றித் தெரிந்துகொண்டோம். சகுவாரோ என்பது கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அந்தப் பெரிய கள்ளிமரம். ஜூன் கடைசியில் உச்சியில் சிவப்பாகப் பழுக்கும். செத்த சகுவாரோவின் விலா நரம்புகளை நீளமாகக் கட்டி, நம் தொரட்டி மாதிரி ஒரு கம்பு செய்து தட்டி விழுத்துவார்கள். பழம் எடுத்து முடிந்தால் மழை, மழை வந்தால் அவர்களுக்குப் புது வருஷம். "சப்பாத்திக்கள்ளிப் பழம் தின்னு வாயெல்லாம் செவந்து போய் எங்க ஆத்தாகிட்ட அடி வாங்கிருக்கேன், சொல்லு" என்றார் அப்பா. மொழிபெயர்த்தேன். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பந்தல்காரர் எட்டிப் பார்த்தார்.

கிட் பீக் மலையும் அவர்களுடையதுதான். 1950-களில் வானியலாளர்கள் இடம் கேட்டு வந்தபோது, பெரியவர்களை டூசானுக்கு அழைத்துப் போய் தொலைநோக்கியில் நிலாவைக் காட்டினார்கள். பார்த்துவிட்டு வந்த பெரியவர்கள் அவர்களுக்கு 'நீளக் கண்காரர்கள்' என்று பெயர் வைத்தார்கள். 1958-ல் குத்தகை கையெழுத்தானது. புனித மலையை விட்டுக்கொடுத்த விஷயத்தில் இன்றைய தலைமுறை என்ன நினைக்கிறது என்று பந்தலில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ரொட்டி சுடும் இடத்தில் வந்து நின்றுகொண்டு கேட்கிற கேள்வியா அது.

நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பியதும் மலைப்பாதை. கொண்டை ஊசி வளைவுகள் நம் கொடைக்கானல் அளவுக்கு இல்லை, ஆனால் ஓரத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத இடங்கள் உண்டு. 2022-ல் காட்டுத்தீ உச்சி வரைக்கும் ஏறி வந்தது. தொலைநோக்கிகள் தப்பின, தங்கும் விடுதி உட்பட நாலு கட்டடங்கள் எரிந்துபோயின. கரிந்த மரங்கள் இன்னும் நிற்கின்றன. உச்சிக்குக் கொஞ்சம் கீழே 25 மீட்டர் ரேடியோ தட்டு ஒன்று. ஹவாய் முதல் கரீபியன் தீவு வரை பரவிய பத்துத் தட்டுகளில் ஒன்று அது. அந்தப் பக்கத்து மலை முகட்டிலேயே வெள்ளைக் கூண்டு ஒன்று. அதைப் பார்க்கத்தான் வந்தோம்.

உள்ளே விடமாட்டார்கள், தெரிந்துதான் வந்தோம். மழைக்காலத்தில் அதற்கு ஓய்வு என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. நீராவி. சாலையோரம் காரை நிறுத்திவிட்டுக் கதையைச் சொன்னேன்.

லோவின் போலோமீட்டருக்காகவே இந்த மலையில் 36 அடித் தட்டு ஒன்று கட்ட வேண்டும் என்று முடிவானது. 1 மில்லிமீட்டர் அலையைப் பிடிப்பதுதான் குறி. அந்த அலைக்கு, 36 அடி அகலத் தட்டு முழுக்க வளைவு ஒரு மில்லிமீட்டரில் சின்னப் பங்குகூடப் பிசகக் கூடாது. 1967-ல் தட்டு வந்து சேர்ந்தது. துல்லியம் வரவில்லை. வெயில் ஏறினால் வளைவும் மாறியது. நினைத்த வேலைக்கு அது சரிப்படவே இல்லை.

"ஜெர்மானியம் நல்லாத்தான் இருந்துச்சு, தட்டுதான் சூடு தாங்கலையா?" என்றார் அப்பா. அவருக்கு அதில் ஒரு திருப்தி.

மிச்சக் கதை இன்னும் நன்றாக இருக்கும். 1970-ல் பெல் ஆய்வகத்திலிருந்து ராபர்ட் வில்சன், கீத் ஜெஃபர்ட்ஸ், ஆர்னோ பென்சியாஸ் மூவரும் வேறொரு ரிசீவரைக் கொண்டுவந்து அதே தட்டில் மாட்டினார்கள். போலோமீட்டர் வந்த வெப்பத்தை மொத்தமாக அளக்கும். எந்த அலைநீளத்தில் வந்தது என்று நுணுக்கமாகப் பிரித்துச் சொல்லாது. இவர்கள் கொண்டுவந்தது பிரித்துச் சொல்லும் கருவி. வானத்திலிருந்து வரும் 115 கிகாஹெர்ட்ஸ் அலையோடு, உள்ளேயே உண்டாக்கிய இன்னொரு அலையை ஒரு டையோடில் கலந்து...

"இரு, இரு. லோக்கல் ஆசிலேட்டர், மிக்சர், அப்புறம் ஐ.எஃப். சூப்பர்ஹெட்டுதானே?"

சூப்பர்ஹெட்டேதான். இரண்டு அலையையும் கலந்தால் கிடைக்கும் தாழ்ந்த அலைவரிசைதான் ஐ.எஃப். ராஜபாளையத்துக் கடையில் 455 கிலோஹெர்ட்ஸ் ஐ.எஃப். காயிலை மூங்கில் குச்சியால் திருகித் திருகி டியூன் செய்வாரே, அதே தத்துவம். அந்த ரிசீவரை ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தின் பக்கம் திருப்பியதும் 2.6 மில்லிமீட்டரில் கார்பன் மோனாக்சைடு பளிச்சென்று தெரிந்தது. நட்சத்திரங்கள் பிறக்கும் குளிர் மேகங்கள் கண்ணுக்கும் தெரியாது, அவற்றில் நிறைந்திருக்கும் ஹைட்ரஜன் மூலக்கூறும் அந்தக் குளிரில் வாய் திறக்காது. இந்தக் கார்பன் மோனாக்சைடை வைத்துத்தான் இன்றுவரை மேகம் எங்கே, எவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்கள். சரியாக வராத தட்டுக்கு அதன்பிறகு நேரம் கேட்டு வரிசை கட்டி நின்றார்கள்.

அப்பா கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். 1980-களில் தட்டை மாற்றி 12 மீட்டராக்கினார்கள், 2013-ல் அதையும் எடுத்துவிட்டு சிலி நாட்டு அல்மா தொலைநோக்கிக்காகச் செய்த மாதிரித் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆகவே லோ பார்த்த தட்டு இப்போது உள்ளே இல்லை. அதைச் சொல்லவா வேண்டாமா என்று யோசித்தேன். சொன்னதும், "கடை அதேதானே, உள்ள சாமான் மாறத்தான் செய்யும்" என்றார்.

உச்சியில் அரைமணி நேரம்கூட நிற்க முடியவில்லை. மின்னல் எச்சரிக்கை வந்து எல்லோரையும் கீழே இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

இறங்கித் திரும்பும் வழியில்தான் வயிற்றைக் கலக்கியது. மெக்சிகோ எல்லை பக்கம் என்பதால் நெடுஞ்சாலையில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி உண்டு. அப்பாவின் பாஸ்போர்ட் ஓட்டல் பெட்டகத்தில் பத்திரமாக இருந்தது. பத்திரமாக வைத்தவள் நான். வரிசை நகர நகர எனக்குக் கை வியர்த்தது. அதிகாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. என் அட்டையைப் பார்த்தார். அப்பாவின் பாஸ்போர்ட்டையும் விசாவையும் போனில் படமாகக் காட்டினேன். காரை ஓரங்கட்டச் சொல்லி போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பத்து நிமிஷம். வந்தவர், "இங்கே வருவதற்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா என்னைப் பார்க்காமல், நிமிர்ந்து உட்கார்ந்து, "ரேடியோ" என்றார். அதிகாரி தலையை ஆட்டினார். அடுத்த முறை அசல் கையில் இருக்கட்டும் என்று சொல்லி போனைத் திருப்பித் தந்தார். அப்பா பையைத் துழாவி ஒரு கடலைமிட்டாயை நீட்டினார். வாங்கவில்லை, ஆனால் நன்றி சொன்னார்.

ஓட்டல் வந்து அப்பா பிளாஸ்கைத் திறந்தார். காலை ஆறு மணிக்குப் போட்ட ஐஸ் மாலை ஐந்தரைக்கும் கலகலவென்றது. "காருக்குள்ளயே கெடந்துச்சு, பாரு." லோவின் கருவி இருந்ததும் இப்படி ஒரு பிளாஸ்கில்தான். வெற்றிடச் சுவர், அதற்குள்ளே 77 கெல்வினில் திரவ நைட்ரஜன் ஒரு சுற்று, அதற்கும் உள்ளே ஹீலியம். ஹீலியம் சும்மா இருந்தால் 4.2 கெல்வின். மேலே வரும் ஆவியை பம்ப் வைத்து உறிஞ்சிக்கொண்டே இருந்தால் 2 வரை இறங்கும். மண்பானைத் தண்ணீர் கசிந்து ஆவியாகிக் குளிர்வது எப்படியோ அப்படித்தான், காற்றுக்குப் பதில் பம்ப். 1967-ல் இந்த மாதிரிப் பிளாஸ்குகளும் டிடெக்டர்களும் செய்துதர லோ இதே டூசானில் ஒரு கம்பெனியே ஆரம்பித்தார். அப்பா, "அதுக்கு கேரண்டி எத்தனை வருஷம்?" என்றார். தெரியவில்லை என்றேன்.

ஜூலை 19, சனி

பிமா விமான அருங்காட்சியகம். இரண்டு பேருக்கும் சேர்த்து நாற்பது டாலரை ஒட்டி ஆனது. நானூறு விமானங்களுக்கு மேல் இருக்கின்றன என்கிறார்கள், நாங்கள் பார்க்க வந்தது ஒன்றே ஒன்று. தொலைநோக்கியைச் சுமந்து பறந்த சோஃபியா.

மலை உச்சியிலும் நீராவி போதுமான அளவு குறையவில்லை என்று லோ விமானத்தில் ஏறினார். 1960-களின் கடைசியில், சின்ன லியர் ஜெட் ஒன்றின் பக்கவாட்டில் 12 அங்குலத் தொலைநோக்கியைப் பொருத்தி, சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் பறந்து அளந்தார்கள். ஆக்சிஜன் முகமூடி போட்டுக்கொண்டுதான் வேலை. வியாழன் கிரகம் சூரியனிடமிருந்து வாங்குவதைவிட அதிக வெப்பத்தை வெளியே விடுகிறது என்பது அப்படித்தான் உறுதியானது. சனியும் அப்படியே. உள்ளே அடுப்பு இன்னும் அணையவில்லை. அந்த லியர் ஜெட்டின் வாரிசுக்கு வாரிசுதான் சோஃபியா, முழு போயிங் 747-க்குள் 2.7 மீட்டர்க் கண்ணாடி.

விமானம் வெட்டவெளியில் நிற்கிறது. 747-லேயே இது குட்டை ரகம், யாரோ நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டியது மாதிரி. இடது பக்கம், றெக்கைக்குப் பின்னால் அந்தக் கதவு. பறக்கும்போது அதைத் திறந்துவிடுவார்கள். 17 டன் தொலைநோக்கி, விமானம் குலுங்கினாலும் தான் குலுங்காமல் ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கும். முதலில் 1977-ல் பான் ஆம் கம்பெனியில் பயணிகளைச் சுமந்த விமானம் இது.

தார்த்தரையில் நின்று அண்ணாந்து பார்த்ததில் அப்பாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நான் பதறுவதற்குள், பேட்டரி வண்டியில் சுற்றிக்கொண்டிருந்த தன்னார்வலர் தாத்தா ஒருவர் வந்து அப்பாவைத் தூக்காத குறையாக ஏற்றி, நிழலுக்குக் கொண்டுபோய், கழுத்தில் ஈரத்துணியைப் போட்டார். எண்பதைத் தாண்டியிருப்பார். விமானப்படையில் ரேடார் மெக்கானிக்காக இருந்தவராம். அப்பா ரேடியோ மெக்கானிக் என்றதும் என்னை மறந்துவிட்டார். வால்வு எண்களைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரித்துக்கொண்டார்கள். அப்பாவின் ஆங்கிலம் கொஞ்சம், தாத்தாவின் காது கொஞ்சம். ஒரு மணி நேரம் ஓடியது.

போகும்போது தாத்தா ஒரு விஷயம் சொன்னார். நீராவிக்குத் தப்பி மேலே போன இந்த விமானம் நிலாவைப் பார்த்தது. வெயில் படும் பக்கத்தில், கிளேவியஸ் என்ற பள்ளத்தில், தண்ணீர் இருப்பதைக் கண்டுபிடித்தது. 2020-ல் அறிவித்தார்கள். இரண்டு வருஷத்தில் செலவு கட்டுப்படியாகவில்லை என்று நிறுத்தியும் விட்டார்கள். வருஷத்துக்குச் சுமார் 8.5 கோடி டாலர். "ஓட்டை விழுந்த 747-ஐ வைத்து வேறு என்ன செய்ய, இங்கே அனுப்பிவிட்டார்கள்" என்றார்.

மாலை ஓட்டலை விட்டு அசையவில்லை. ராத்திரிக்கு அரிசிச்சோறு கிடைக்குமா என்று தேடி, ஒரு இந்தியக் கடையில் 19 டாலருக்கு ஒரு பிரியாணி வாங்கினேன். அதை விவரிக்க வேண்டாம். அப்பா மீதமிருந்த சில்டெபின் மிளகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார். அந்த அம்மாளிடம் ஒரு பொட்டலம் கேட்டு வாங்கி வைத்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும்.

ஜூலை 20, ஞாயிறு

விமானம் இரவுதான். காலையில் லெமன் மலைக்கு ஏறினோம். கீழே கள்ளி, நடுவில் புதர், மேலே பைன் காடு. ஒரு மணி நேரத்தில் மூன்று நாடு தாண்டிய மாதிரி. டூசானில் விட்ட வியர்வை மேலே போய்க் காய்ந்து, அப்பா மங்கி குல்லாவை எடுத்து மாட்டிவிட்டார். பக்கத்து மேஜையில் குழந்தைகள் அவரையே பார்த்தன.

அங்கே மர மேஜையில் இட்லிப்பொடி தடவிய டார்ட்டியாவைச் சுருட்டித் தின்றபடி அப்பா ஒரு சந்தேகம் கேட்டார். இரண்டு நாளாக மனதில் வைத்திருந்தார் போல. "எல்லாம் சரி. டிடெக்டரக் குளிர வச்சாச்சு. தொலைநோக்கி சூடாத்தானே இருக்கு? அதோட கண்ணாடியே வெப்பத்த வீசுமே. அதுல நட்சத்திரம் எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. தூக்குவாளியில் நல்லெண்ணெய் வாங்கப்போனால் செட்டியார் கடையில் என்ன செய்வார்கள்? முதலில் வெறும் வாளியை நிறுப்பார்கள், பிறகு எண்ணெயோடு நிறுத்து, வாளியைக் கழிப்பார்கள். அதேதான். தொலைநோக்கியின் சின்னக் கண்ணாடியை ஆட்டி ஆட்டி, ஒரு கணம் நட்சத்திரத்தையும் மறுகணம் பக்கத்து வெற்று வானத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள், ஒரு விநாடிக்குப் பல தடவை. கழித்தால் மிஞ்சுவது நட்சத்திரம். என்ன, இங்கே வாளி யானை எடை, எண்ணெய் எறும்பு எடை. இப்படித்தான் 1967-ல் டக்ளஸ் கிளைன்மனும் லோவும் ஓரியன் நெபுலாவுக்குள், சாதாரண ஒளியில் தெரியவே தெரியாத ஒரு அகச்சிவப்பு மேகத்தைக் கண்டார்கள். இன்றும் அது அவர்கள் இருவர் பெயரில்தான் இருக்கிறது.

விண்வெளிக்கே கொண்டுபோனால் வாளியையும் குளிர வைத்துவிடலாம். 1983-ல் போன ஐராஸ் செயற்கைக்கோள் முழுத் தொலைநோக்கியையும் ஹீலியம் பிளாஸ்குக்குள் வைத்துக்கொண்டு போனது. பத்து மாதத்தில் ஹீலியம் தீர்ந்தது. அடுத்து வந்த ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கிக்கு அதே மாதிரி பிரம்மாண்டப் பிளாஸ்க் என்றால் காசு கட்டவில்லை. அப்போது லோ சொன்ன யோசனை: தொலைநோக்கியை ஏன் பிளாஸ்கில் வைக்க வேண்டும், அது வெளியே இருக்கட்டும், விண்வெளியே குளிர்தானே, போய்த் தானாக ஆறட்டும், டிடெக்டருக்கு மட்டும் ஹீலியம் போதும். 2003-ல் அப்படித்தான் போனது. ஐந்தரை வருஷத்துக்கு மேல் வந்தது. ஸ்பிட்சரின் ஹீலியம் தீர்ந்தது 2009 மே மாதம். லோ காலமானது ஜூன் மாதம்.

அப்பா "ம்" என்றார். மலை இறங்கும்வரை வேறொன்றும் பேசவில்லை.

விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் பிளாஸ்கைத் தனியே எடுத்து வைத்தார்கள். காலையில் போட்ட ஐஸ் அப்படியே கட்டியாக இருக்கும், கட்டி என்றால் விடுவார்கள் என்று நான்தான் அப்பாவுக்குத் தைரியம் சொல்லியிருந்தேன். அந்தப் பெண்மணி ஆட்டிப் பார்த்தார். தண்ணீர்ச் சத்தம். திறந்து, தொட்டியில் கவிழ்த்து, மூடி போட்டுக் கையில் கொடுத்தார். "மலையில அடிக்கடி தெறந்தேன்ல, அதான்" என்றார் அப்பா, பிளாஸ்க் மேல் பழி விழுந்துவிடக் கூடாதென்று.

விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம். இங்கே ஞாயிறு மாலை ஆறு, ஊரில் திங்கள் காலை ஆறரை. அப்பா கடைக்கு வீடியோ கால் போட்டார். இப்போது அத்தை மகன் அதில் மொபைல் கடை நடத்துகிறான். அப்போதுதான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தான்.

"டேய், மேல் தட்டுல, பழைய மீட்டருக்குப் பின்னாடி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும் பாரு. அதுல ஏசி 128 இருபது, முப்பது கெடக்கும். எடுத்து வையி. நான் வந்து ஐஸ்ல போட்டு மீட்டர் வச்சுப் பாக்கணும்."

அவன் கொஞ்ச நேரம் திரையில் அசையாமல் நின்றான். நெட்வொர்க் கோளாறு என்று நினைத்தேன்.

"மாமா, அது போன ஆயுத பூஜைக்குச் சுத்தம் பண்ணயில எடைக்குப் போட்டாச்சே மாமா."

அப்பா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். எதிரே ஓடுபாதையில் ஒரு விமானம் கிளம்பிப் போனது. அது மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு குடுத்தான்?" என்றார்.